பிரித்துப் போட்டால்தான் அடுத்த ஃபாரம்

அப்பா கம்பாசிட்டர். இந்தத் தொழிலை இப்போது விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. என் மகனிடம் சொன்னபோது, "தாத்தா மியூசிக் போட்டாரா?" என்று கேட்டான். இல்லடா, அச்சாபீஸில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரிவரியாகக் கோத்து, பக்கம் கட்டிக் கொடுக்கிற வேலை. மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்துக்குள் அந்த அச்சாபீஸ் இருந்தது. வாசலில் நின்றாலே மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம் அடிக்கும். அப்பாவின் சட்டையிலும் அதே வாசம்தான்.

"நீ பேங்க்லதானே இருக்க, சிக்கனமா இருக்கிறது எப்படின்னு எழுதேன்" என்று தோழிகள் கேட்பதுண்டு. பேங்க்கில் எங்களுக்குக் கடன் கொடுக்கத்தான் டார்கெட் வரும். சிக்கனத்துக்கு டார்கெட் வந்து நான் பார்த்ததில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே நிபுணரைப் பற்றி எழுதுகிறேன். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். சிக்கனம் என்று ஒரு வார்த்தைகூட எங்களிடம் உபதேசித்ததில்லை.

பள்ளிக்கூட லீவு நாளில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். தூக்குவாளியை ஓரமாக வைத்துவிட்டு, ரீம் கட்டு மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். இடது கையில் எழுத்தைக் கோக்கிற ஸ்டிக். வலது கை கேஸில் இருக்கிற சின்னச் சின்ன அறைகளுக்குள் போய்ப் போய் வரும். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், கை தானாக எழுத்தை எடுக்கும். எந்த அறையில் 'ழ' இருக்கிறது, எதில் 'ம்' இருக்கிறது என்று பார்க்கவே மாட்டார். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பியிருக்கும். அதை அவர் நேர் எழுத்தைவிட வேகமாக வாசிப்பார். கல்யாணப் பத்திரிகையில் எப்போதும் வருகிற முகப்பு வரிகளை, 'நிகழும் மங்களகரமான' தொடங்கி, கட்டிய கட்டிலேயே தனியாக வைத்திருப்பார்கள். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி, மண்டபம் மட்டும் மாறும். முகூர்த்த மாதத்தில் அந்தக் கட்டுக்கு ஓய்வே கிடையாது.

இது எல்லாரும் ரசிக்கிற பாதி. மீதிப் பாதியை யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள். அச்சடித்து முடிந்ததும் அந்தப் பக்கங்களை மண்ணெண்ணெய் தொட்டுக் கழுவி, கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். இதற்கு 'எழுத்துப் பிரிக்கிறது' என்று பெயர். வேலைக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு முதலில் இதைத்தான் கொடுப்பார்கள். எந்த எழுத்து எந்த அறையில் என்பது அப்படித்தான் கைக்குப் படியும். சாயங்காலம் தரையைப் பெருக்கும்போதுகூடக் குப்பையைக் கிளறி, விழுந்த எழுத்துகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் வெளியே கொட்டுவார்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? எழுத்து அளவாகத்தான் இருக்கும். 200 பக்கப் புத்தகம் ஒன்று வந்தால் மொத்தத்தையும் கோத்து வைக்க எந்தச் சின்ன அச்சாபீஸிலும் எழுத்து பத்தாது. ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம் கோப்பார்கள். புரூஃப் பார்த்து, அடித்து, பிரித்துப் போடுவார்கள். அதே எழுத்துகளை வைத்துத்தான் அடுத்த 16 பக்கம். முந்தின ஃபாரத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, "அய்யோ எழுத்து இல்லையே" என்று புலம்ப முடியாது. வேலை முடிந்தது என்று அப்பா எப்போது சொல்வார் தெரியுமா? அச்சாகி, கட்டு கட்டி, வண்டியில் ஏற்றியபோது அல்ல. பிரித்துப் போட்ட பிறகு.

அப்பாவின் வீட்டு நடைமுறையை நான் இங்கேயிருந்துதான் புரிந்துகொள்கிறேன். சிக்கனம் என்பதை ஒரு குணம் மாதிரிப் பேசுகிறோம். சிலருக்குப் பிறவியிலேயே கை இறுக்கம், சிலருக்கு ஓட்டைக் கை என்கிறோம். எங்கள் வீட்டில் அது குணமாக இல்லை, வேலையாக இருந்தது. உட்கார்ந்து, நேரம் செலவழித்து, கை அழுக்காகச் செய்கிற வேலை. அதைச் செய்ய ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதில் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்ததும் எங்கள் நோட்டுகளையெல்லாம் அப்பா கேட்பார். எழுதாத பக்கங்களைப் பிரித்தெடுத்து ரஃப் நோட்டு தைப்பது அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். அப்பா அதைத் தொழிலாகச் செய்வார். பின்னை நெம்பி எடுத்து, தாள்களை நடுவில் பிரியாமல் இரட்டைத் தாளாகவே உருவுவார். கோடு போட்டது ஒரு பக்கம், கோடு போடாதது ஒரு பக்கம், கணக்கு நோட்டு இன்னொரு பக்கம். தட்டி ஓரம் சேர்த்து, மடிப்பில் கோணி ஊசியால் துளை போட்டு, நூல் கோத்து இறுக்குவார். மைதா மாவைக் காய்ச்சுவார். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் துளி மயில்துத்தம் போடுவார், அதனால் பசைக்கு லேசான நீலம் வந்துவிடும். "கைய வாயில வச்சிராதத்தா, விஷம்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். முதுகுக்குக் காலிகோ துணி. அட்டைக்கு அச்சாபீஸில் வெட்டி ஒதுக்கிய துண்டு. கடைசியில் ஒரு பெரிய பலகையை மேலே வைத்து, அதன் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுவார்.

அந்த நோட்டுகள் கடையில் வாங்கினதைவிட நன்றாக இருந்தன. பாசத்தில் சொல்லவில்லை. தைத்த நோட்டு விரித்தால் விரித்தபடி கிடக்கும், தாள் உதிராது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தங்கள் பழைய நோட்டைக் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். அப்பா யாரிடமும் காசு வாங்கியதில்லை. "தாளு அவுகளோடது, நூலு மட்டும்தான் என்னது" என்பார்.

சைக்கிளும் அப்படித்தான். ஹெர்குலஸ். வருடத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமையில், திண்ணையில் சாக்கை விரித்து மொத்தமாகப் பிரித்துப் போட்டுவிடுவார். பால்ரஸ்களை ஒரு கிண்ணத்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து, கிரீஸ் தடவித் திரும்ப அடுக்குவார். சாயங்காலத்துக்குள் சைக்கிள் ஓடும்.

எதில் மட்டும் கையைச் சுருக்க மாட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். செருப்பு நல்லதாக வாங்குவார். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. சோப்பு தாராளம். ஈயம் உடம்பில் ஏறாமல் இருக்க வாழைப்பழம் சாப்பிட வேண்டும் என்று அச்சாபீஸ்காரர்களிடையே ஒரு நம்பிக்கை இருந்தது. அது நம்பிக்கைதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கக் கூடாது என்பதுதான் உண்மையான பாதுகாப்பு. அதில் அப்பா கறார். பிறகு டிக்‌ஷனரி. நான் ஒன்பதாம் வகுப்புப் போனபோது தீபாவளி போனஸில் லிப்கோ டிக்‌ஷனரியைப் புதுசாக வாங்கிக் கொடுத்தார். புதுமண்டபத்துப் பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்திருக்கும். அம்மா அதைச் சொல்லிக் காட்டினாள். "பக்கம் கிழிஞ்சிருந்தா, அந்தப் பக்கத்து வார்த்தை பிள்ளைக்குத் தெரியாமலே போயிரும்ல" என்றார் அப்பா.

புதுமண்டபம் என்றதும் தீபாவளி ஞாபகம் வருகிறது. நாயக்கர் காலத்துத் தூண்களுக்கு நடுவில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியில் ஒரே தானில் துணி எடுத்து, எனக்குப் பாவாடை, தங்கைக்கு கவுன், தம்பிக்குச் சட்டை. மூன்று பேரும் தெருவில் சேர்ந்து நடந்தால் பேண்டு வாத்தியக் கோஷ்டிதான். இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபம் மூச்சு விடட்டும், நல்லதுதான்.

சரி, அந்தச் சண்டைக்கு வருகிறேன்.

மாசி, பங்குனியில் புளி புதுசாக வரும். மிளகாயும் அப்போதுதான். கீழமாசி வீதியில் மொத்தக் கடைகளில் விலை இறங்கியிருக்கும் சமயம் பார்த்து வருடத்துக்கு வேண்டிய புளி, மிளகாய், மல்லி வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு. கணக்குப்படி மிகச் சரி. வாரம் ஐம்பது கிராம், நூறு கிராம் என்று முக்குக்கடையில் வாங்குகிறவர்கள்தான் கிலோவுக்கு அதிக விலை கொடுக்கிறார்கள். கையில் மொத்தமாகக் காசு இருப்பவர்களால்தான் இப்படி மிச்சம் பிடிக்க முடியும், இல்லாதவர்கள் இல்லாததற்கும் சேர்த்து விலை கொடுக்கிறார்கள். அப்பா அந்த மொத்தக் காசுக்காக வருடம் முழுக்க வாரச் சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்குவார். சனிக்கிழமை சம்பளக் கவர் வந்ததும் முதலில் எடுத்து வைப்பது அதுதான்.

சைக்கிள் கேரியரில் மூட்டை வந்து இறங்கிய பிறகு அப்பாவின் வேலை முடிந்துவிடும். அம்மாவின் வேலை தொடங்கும். புளியை வெயிலில் காய வைத்து, ஓடு நீக்கி, நார் எடுத்து, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைக்க வேண்டும். இடுக்கில் சிக்கின கொட்டையை அரிவாள்மணையில் கீறி எடுக்க வேண்டும். விரல் நகமெல்லாம் புளிப்பேறி எரியும். கொட்டைகள் எங்களுக்குப் பல்லாங்குழிக்கு. மிளகாய் காம்பு கிள்ளுகிற வாரத்தில் அம்மா கண்ணைத் தொடவே பயப்படுவாள். அப்புறம் ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவது, மண்ணெண்ணெய் வரிசையில் நிற்பது, பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாக்குவது, மிஞ்சின குழம்பைச் சுண்ட வைப்பது.

அத்தை ஒருத்தி வந்திருந்தபோது, "உன் புருஷன் கெட்டிக்காரன், அந்தச் சம்பளத்துல எப்படிக் குடும்பம் நடத்துறான் பாரு" என்றாள். அம்மா ஒன்றும் பேசாமல் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். "அவரு சிக்கனம் பூராம் இங்க இருக்கு மதினி." அம்மா அப்படிச் சொல்லி அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை.

அம்மா கிரைண்டர் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆட்டுரலில் வாரத்துக்கு இரண்டு தடவை இட்லி மாவு ஆட்டுவது சாதாரண வேலையில்லை. அப்பா மறுத்ததில்லை. "வாங்கலாம், வாங்கலாம்" என்றுதான் சொன்னார். ஓடுகிற பொருள் இருக்கும்போது அதே வேலைக்கு இன்னொரு பொருள் எதற்கு என்பது அவர் மனசில் இருந்திருக்க வேண்டும். ஆட்டுரல் ஓடியதா, அம்மா ஓடினாளா என்று அவர் யோசிக்கவில்லை. கடைசியில் அம்மா காம்பவுண்டுப் பெண்களோடு சீட்டுப் போட்டு, தன் முறை வந்ததும் யாரையும் கேட்காமல் கிரைண்டரை வாங்கிவந்து அடுப்படியில் இறக்கிவிட்டாள். அப்பா வேலை முடிந்து வந்தார். கொஞ்ச நேரம் அதைச் சுற்றிப் பார்த்தார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். மறுநாள் இட்லி சாப்பிடும்போது, "நல்லாத்தான் அரைச்சிருக்கு" என்றார். அதற்கு அப்புறம் அந்தக் கிரைண்டருக்கு எண்ணெய் போடுவது, பெல்ட் மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. புளிக் கொட்டை எடுக்கவும் உட்கார ஆரம்பித்தார். எழுத்துப் பொறுக்கின விரல், வேகமாகவே எடுத்தார்.

பழைய காலத்து அப்பாக்களின் எளிமையைப் புகழ்ந்து எழுதுகிற பதிவுகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் உள்ளங்கைதான் ஞாபகம் வரும். அந்தப் பதிவுகள் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்கின்றன.

உலக சிக்கன நாள் என்று ஒன்று உண்டு. 1924ல் இத்தாலியின் மிலான் நகரத்தில் சேமிப்பு வங்கிகள் மாநாடு கூடி ஏற்படுத்தியது. உலகம் அக்டோபர் 31ல் கொண்டாட, நம் ஊரில் 30ஆம் தேதி. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி வைப்பார்கள். ஒரு வருடம் எழுதிய கட்டுரையை அப்பாவிடம் காட்டினேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, புரூஃப் திருத்துகிற மாதிரி ஓரத்தில் குறி போட்டுக்கொண்டே போனார். "வளமான, செழிப்பான, மகிழ்ச்சியான வாழ்க்கைன்னு போட்டிருக்க. மூணுல ஒண்ணு இருந்தா பத்தாதா? இவ்வளவையும் எவன் கோக்கிறது?" நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமானது. பரிசு கிடைக்கவில்லை. முதல் பரிசு வாங்கிய பையன் மேடையில் வாசித்தான். அவன் கட்டுரையில் வளமான, செழிப்பான, மகிழ்ச்சியான மூன்றும் இருந்தன.

சேமிப்புக்கு அப்பாவுக்குத் தெரிந்த ஒரே இடம் தபாலாபீஸ். 1986ல் இந்திரா விகாஸ் பத்திரம் வந்தது. நூறு ரூபாய் கொடுத்தால் ஐந்து வருடத்தில் இருநூறு. அதில் வாங்கினவர் பெயரே இருக்காது. ரூபாய் நோட்டு மாதிரி, யார் கையில் இருக்கிறதோ அவர்களுடையது. தொலைந்தால் தொலைந்ததுதான். தீபாவளி போனஸில் ஒன்றிரண்டு வாங்கி, பின்னால் அந்த லிப்கோ டிக்‌ஷனரிக்குள்தான் வைப்பார். திருடன் வந்தாலும் டிக்‌ஷனரியைப் புரட்ட மாட்டான் என்பது அவர் கணக்கு. 1999ல் அந்தப் பத்திரத்தையே நிறுத்திவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் மதுரையில், மதுரை என்ன, தமிழ்நாடு முழுக்கவே, ஃபைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன. 24 சதவீதம், 30 சதவீதம், 36 சதவீதம் என்று ஏலம் விடாத குறை. அச்சாபீஸில் ரிட்டையர் ஆன ஃபோர்மேன் தன் பி.எஃப். பணத்தை அப்படியே ஒன்றில் கொண்டுபோய்ப் போட்டார். அப்பாவையும் கூப்பிட்டார். தங்கை கல்யாணத்துக்கென்று பணம் சேர்ந்திருந்த நேரம். மாத வட்டி எவ்வளவு வரும் என்று அவர் போட்டுக் காட்டிய கணக்கில் அம்மாவுக்கே சபலம் தட்டிவிட்டது. அப்பா அசையவில்லை. அப்பாவின் ஞானத்தைக் கண்டு நான் வியந்து எழுதலாம்தான். உண்மைக் காரணம் வேறு. அந்தக் கம்பெனியின் 36 சதவீத நோட்டீஸைக் கோத்துக் கொடுத்ததே அப்பாதான். அச்சுக்கூலியை மாதக் கணக்காக அந்தக் கம்பெனி கொடுக்கவில்லை. "நோட்டீஸ் அடிச்ச காசே குடுக்க முடியலையாம், இவனுக முப்பத்தாறு வட்டி எங்கிட்டிருந்து குடுப்பாய்ங்க?" அவ்வளவுதான் அவர் ஆராய்ச்சி.

கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. 1997ல் முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. ஃபோர்மேன் பாஸ்புத்தகத்தை வைத்துக்கொண்டு வருடக் கணக்கில் அலைந்தார். அப்பா அவரிடம் 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஒருநாளும் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார், அது போதும் என்று நினைத்தார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த 36 இப்போது என் மேஜைக்கு வேறு வழியாக வருகிறது. கிரெடிட் கார்டில் மினிமம் டியூ என்று ஒரு வரி இருக்கும். 20,000 ரூபாய் பாக்கி இருந்தால் ஆயிரம் கட்டினால் போதும் என்று காட்டும். மீதிக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் வட்டி ஓடும். வருடத்துக்கு 36லிருந்து 42. அன்றைக்கு 36 தருகிறேன் என்றவனை நம்பி ஏமாந்தார்கள். இன்றைக்கு 36 எடுத்துக்கொள்கிறவனிடம் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். கடன் கேட்டு எதிரில் உட்காருகிற பிள்ளைகளிடம் குற்றம் காண எனக்கு மனசு வருவதில்லை. வாடகை அப்படி, பள்ளிக் கட்டணம் அப்படி. 2022-23ல் இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. இவ்வளவு பேருக்கும் ஒரே நேரத்தில் குணம் கெட்டுப்போயிருக்காது. ஆனால் ஒன்று. முந்தின ஃபாரத்தைப் பிரிக்காமலே அடுத்த ஃபாரத்தைக் கோக்கலாம் என்று இந்தக் கார்டு ஆசை காட்டுகிறது. போன வருட ஃபோனின் தவணை முடியவில்லை, இந்த வருட ஃபோன் வந்துவிடுகிறது. அப்பாவின் அச்சாபீஸில் அது நடக்காது, எழுத்தே இருக்காது.

அப்பா திருப்தியான மனிதரா என்று கேட்டால், ஆமாம். ஆனால் ஆசை இல்லாதவர் இல்லை. சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. திருக்கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது என்று எல்லாவற்றுக்கும் எங்களை இழுத்துக்கொண்டு நடப்பார். மண்டகப்படிக்கு மண்டகப்படி பானகமும் நீர்மோரும் குடித்து வயிறு நிறைந்துவிடும். தமுக்கத்துப் பொருட்காட்சிக்குக் கட்டாயம் டிக்கெட் எடுப்பார். உள்ளே ஆளுக்கு ஒரு டெல்லி அப்பளம். பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சே கிடையாது. பக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் காந்தி மியூசியம், அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி இருக்கிறது. அதன் முன்னால் அப்பா ரொம்ப நேரம் நிற்பார்.

மேலமாசி வீதி வழியாகப் போகும்போது ஒரு வீட்டைக் காட்டுவார். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தி முழு உடையை விட்டுவிட்டு அரைவேட்டிக்கு மாறியது அந்த வீட்டில்தான். இப்போது கதர்க்கடை. ஊருக்கு வந்தவர்களுக்கு மீனாட்சி கோயிலைக் காட்டுவதற்கு முன்னால் அப்பா இதைக் காட்டுவார். ஆனால் தானும் அப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் பேச மாட்டார். "அவரு வேணாம்னு வுட்டாரு. நமக்கு இருந்தாத்தான வுடுறதுக்கு" என்று சிரிப்பார்.

கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே. சி. குமரப்பாவைப் பற்றியும் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரைப் பற்றிய சிறு பிரசுரம் ஒன்றை அப்பா கோத்திருக்கிறார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டராக நன்றாகச் சம்பாதித்தவர், 1929ல் காந்தியிடம் போனதும் அத்தனையையும் விட்டவர். எடுத்தால் தீர்ந்துபோகிற பொருளை நம்பி வாழ்வதையும், திரும்ப விளைகிற பொருளை நம்பி வாழ்வதையும் வேறுபடுத்திக் கணக்குப் போட்டவர். எட்டாம் வகுப்புப் படித்த என் அப்பா இதை எனக்கு விளக்கினார் என்றால், விரல் வழியாகப் படித்ததுதான். திருப்பி வாசித்தே அவர் நிறையப் படித்திருந்தார்.

கம்ப்யூட்டர் வந்தது, டி.டி.பி. வந்தது, ஆஃப்செட் வந்தது. தொண்ணூறுகள் முடியும்போது அந்த அச்சாபீஸிலும் ஈய எழுத்துக்கு வேலை போயிற்று. கேஸ் கேஸாகச் சாக்கில் கொட்டி, தராசில் நிறுத்து, பழைய ஈய விலைக்குக் கொடுத்தார்கள். கேஸ்களைக் கொட்டிக் கொடுத்ததே அப்பாதான். வீட்டுக்கு ஒரு எழுத்துகூடக் கொண்டுவரவில்லை. நான் கேட்டதற்கு, "ஒத்தை எழுத்த வச்சு என்ன கோக்கிறது?" என்றார். கணக்கு முடித்துக் கொடுத்த தொகையைத் தபாலாபீஸ் மாத வருமானத் திட்டத்தில் போட்டார். அதே இடத்தில் பைண்டிங்கும் புரூஃபும் பார்த்துக்கொண்டு 58 வயது வரை இருந்தார்.

இப்போது அப்பாவும் அம்மாவும் மதுரையில்தான் இருக்கிறார்கள். நானும் தம்பியும் அனுப்புகிற பணத்தில் பாதி தங்கை மகள் பெயரில் ரெக்கரிங் டெபாசிட்டாகப் போய்விடுகிறது. "எங்களுக்கு இது போதும்த்தா" என்கிறார். அவர் அப்படிச் சொல்வதை நான் மறுக்க முடியாது. எவ்வளவு வேண்டும் என்று தன் வாழ்க்கையை அவரே அளந்து வைத்திருக்கிறார்.

ஆனால் அவருக்கு வருகிற பி.எஃப். பென்ஷன் அவர் அளந்ததில்லை. இத்தனை வருடம் நின்றுகொண்டே வேலை செய்து, சம்பளத்தில் பிடித்தம் கட்டினவர்களுக்கு, 1995ஆம் வருடத்துப் பென்ஷன் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். 2014 செப்டம்பரில் வைத்தது. அதற்கப்புறம் பத்து வருடத்துக்கு மேல் அது நகரவே இல்லை. அம்மாவின் பிரஷர் மாத்திரை, அப்பாவின் கண் சொட்டு மருந்து, ஒரு சிலிண்டர் என்று வாங்கினால் அது தீர்ந்துவிடும். வயதானவர்கள் எளிமையாக வாழ்ந்து பழகியவர்கள், சமாளித்துக்கொள்வார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அப்பா இதைப் பற்றிக் குறை சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்: மாதம் 1,000 ரூபாய் ஒரு மனிதனுக்குப் பத்தாது. அதை உயர்த்த வேண்டும்.